விராலுக்கு ஒரு செட், கெண்டைக்கு ஒரு செட்: ஏரி, அணைத் தூண்டிலுக்கு முழுமையான வழிகாட்டி

தூண்டில் கடைக்குள் நுழையும் முன்பே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும்: எந்த மீனுக்குப் போகிறோம்? 'எல்லா மீனுக்கும் ஆகும்' என்று விற்கப்படும் செட்டை வாங்கினால், விரால் பாசிக்குள் புகுந்து நரம்பை (தூண்டில் இழையை) அறுத்துவிடும். ரோகு முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடும். ராடின் நீளம், நரம்பின் கனம், முள்ளின் அளவு, ஈயம், தீனி எல்லாமே மீனின் வாயையும் அது மேயும் மட்டத்தையும் பார்த்துத்தான் அமையும்.

தமிழ்நாட்டு ஏரி, கண்மாய், அணைகளில் தூண்டில்காரர்கள் அதிகம் தேடுவது இரண்டு வகை. ஒன்று, பாசி ஓரத்தில் பதுங்கியிருந்து இரையைப் பாய்ந்து அடிக்கும் விரால். இன்னொன்று, மீன்வளத் துறையும் குத்தகைதாரர்களும் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள். இந்த மூன்றும் ஒரே குளத்தில் இருந்தாலும் ஒரே மட்டத்தில் மேய்வதில்லை. கட்லா மேல்தண்ணீரில், ரோகு நடுத்தண்ணீரில், மிர்கால் அடிச்சேற்றில். மீன் வளர்ப்பவர்கள் மூன்றையும் ஒன்றாக விடுவதே இதனால்தான். தூண்டில்காரருக்கும் இதுதான் முதல் பாடம்.

விரால் செட்

ஆறரை முதல் ஏழு அடி நீள ராடு, 'மீடியம் ஹெவி' கனம், நுனி மட்டும் வளையும் 'ஃபாஸ்ட் ஆக்‌ஷன்'. ராடு முழுக்க வளைந்தால் சுண்டும் வேகம் முள்ளுக்குப் போய்ச் சேராது. விராலின் தாடை கடினமானது, முள் ஏறாமல் வழுக்கிவிடும். 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும்.

நரம்பில் மோனோ (ஒற்றை இழை நைலான்) வேண்டாம். 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு) வாங்குங்கள். மோனோ இழுபடும், பிரெய்டு இழுபடாது, அல்லித் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளையில்) சுற்றினால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) கெட்டுவிட்டது போலத் தோன்றும். முதலில் எட்டுப் பத்து மீட்டர் மோனோவைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்புவரை நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். குறைவாகச் சுற்றினால் தூரம் போகாது.

விராலின் சிறு பற்களும் பாசியும் உரசுவதால், நுனியில் 40 பவுண்டு ஃபுளூரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு) ஒன்றரை அடி இருந்தால் நல்லது. இரண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு எளிது: லீடர் பக்கம் 5 சுற்று, பிரெய்டு பக்கம் 8 சுற்று. பிரெய்டு வழவழப்பானது என்பதால் சுற்று குறைந்தால் உருவிக்கொள்ளும். லீடர் இல்லாமல் பிரெய்டை நேராக லூரில் (செயற்கை இரையில்) கட்டுவதானால் பலோமர் முடிச்சு போடுங்கள். நரம்பை இரட்டையாக மடித்து லூரின் வளையத்தில் நுழைத்து, மடிந்த முனையால் ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அந்த வளையத்துக்குள் லூரை முழுவதும் நுழைத்து எடுத்து, எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்து இறுக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே பலமிழக்கும். பெரிய மீன் போய்விட்டதாகச் சொல்பவர்களின் நரம்பு முனையைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் அறுந்தது நரம்பு இல்லை, முடிச்சு உருவியிருக்கிறது.

லூர் என்றால் உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை, 8 முதல் 15 கிராம். உயிர்த் தவளையைக் கோர்க்க வேண்டாம். வயலுக்கும் குளத்துக்கும் தவளை தேவை, ரப்பர் தவளையே அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. வாங்கியதும் மூன்று வேலை. தவளையின் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும் இரட்டை முட்களைக் குறடால் பிடித்து மிக லேசாக வெளிப்பக்கம் விரியுங்கள். முனை உடம்பை விட்டு ஓரிரு மி.மீ. எழும்பினால் போதும். அதிகம் விரித்தால் ஒவ்வொரு வீச்சிலும் பாசியை அள்ளும். இரண்டாவது, கால் இழைகள் நீளமாக இருந்தால் பாதியாக வெட்டுங்கள். சிறிய விரால் காலை மட்டும் கவ்வி இழுப்பதால்தான் பல அடிகள் வீணாகின்றன. மூன்றாவது, உடம்பை விரலால் அமுக்கிப் பாருங்கள், சுலபமாக அமுங்கி முள் வெளியே தெரிய வேண்டும். கெட்டி ரப்பராக இருந்தால் மீன் கவ்வினாலும் முள் மறைந்தே இருக்கும்.

விராலைத் தேடுவது, வீசுவது

விராலுக்குச் செவுளோடு காற்றையும் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. அதனால் அவ்வப்போது மேலே வந்து வாய் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போயே ஆக வேண்டும். இதுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். கரைக்கு வந்ததும் வீச ஆரம்பிக்காமல் கால் மணி நேரம் தண்ணீரைப் பாருங்கள். ஆகாயத்தாமரை ஓரம், அல்லி இலைகளுக்கு நடுவில் இருக்கும் தெளிந்த தண்ணீர்த் திட்டுகள், முழுகிய கருவேல மரத்தடி, மதகு அருகே நாணல் ஓரம்: இந்த இடங்களில் 'பளக்' என்று ஒரு சிறு கலக்கமும் பின்னால் சில குமிழிகளும் வந்தால் அங்கே விரால்.

மூச்சு விட்ட இடத்தின் தலைமேலே வீசக் கூடாது, பயந்து ஒதுங்கிவிடும். அதற்கு அப்பால் ஐந்தாறு அடி தள்ளிப் போட்டு, அந்த வழியாக இழுத்து வாருங்கள். ராடு நுனியைத் தாழ்த்தி, மணிக்கட்டால் சிறு சிறு சுண்டலாகத் தவளையை நடத்துங்கள். இலைமேல் இருக்கும்போது சற்று வேகமாக, தெளிந்த திட்டில் இறங்கியதும் மூன்று முதல் ஐந்து விநாடி அப்படியே நிறுத்துங்கள். பெரும்பாலான அடிகள் அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

அடித்ததும் சுண்டிவிடுவதுதான் எல்லோருக்கும் நேரும் தவறு. சத்தமும் தெறிப்பும் கண்ணுக்குத் தெரிந்த நொடியில் கை தானாக எழும். தவளை மட்டும் முகத்துக்கு நேரே பறந்து வரும். அடி விழுந்ததும் ராடு நுனியை மீன் பக்கம் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி, தவளை கண்ணுக்கு மறைந்து கனம் தெரிந்த பிறகு, மேல்நோக்கி ஒரே மூச்சில் பலமாக இழுக்க வேண்டும். ஒரு விநாடி, ஒன்றரை விநாடிதான். அதற்குமேல் காத்தால் மீன் ரப்பரை உமிழ்ந்துவிடும். அடி தவறினால் அங்கேயே உடனே மறுபடி போடுங்கள். முள் தைக்காத விரால் பெரும்பாலும் இடத்தை விட்டுப் போவதில்லை.

தைத்த பிறகு டிராக் தளர்வாக இருக்கக் கூடாது. முதல் சில விநாடிகளில் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, பாசிமேல் வழுக்கிக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒருமுறை தலைகுத்தி வேருக்குள் நுழைந்துவிட்டால் இழுக்க இழுக்க முள் அகலமாகக் கிழித்துக் கழன்றுவிடும்.

நேரம்: விடிந்ததும் இரண்டு மூன்று மணி நேரம், மாலை நான்கிலிருந்து இருட்டும்வரை. காலம்: வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி வற்றத் தொடங்கும் பிப்ரவரியிலிருந்து மே வரை. தண்ணீர் குறையக் குறைய, கரைக்கு மண் எடுத்த பள்ளங்களிலும் மதகுக் குழியிலும் மீன் சேரும்.

மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோலத் துடிப்பு தெரிந்து, அடியில் செந்நிறத்தில் குஞ்சுக்கூட்டம் நகர்ந்தால் அங்கே தவளையைப் போடாதீர்கள். அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கின்றன. பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்கவே எதைப் போட்டாலும் அடிக்கும், சுலபமாக மாட்டும். காவல் போனதும் அந்தக் கூட்டத்தைக் கெளுத்தியும் ஜிலேபியும் (திலாப்பியா) தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையையே எடுக்கும் வேலை இது. உங்களோடு வருபவர்களையும் தடுங்கள்.

கெண்டை செட்

இங்கே ராடு நீளம் வேண்டும்: 9 முதல் 10 அடி, முழுதும் வளைந்து கொடுக்கும் 'மீடியம்' கனம். ரீல் 4000 அல்லது 5000. நரம்பு 0.30 முதல் 0.35 மி.மீ. மோனோ. இழுபடும் குணம் விராலுக்குக் குறை, கெண்டைக்கு நன்மை. பாய்ந்தோடும் ரோகுவின் உதறலை அதுதான் தாங்கும். ரோகுவின் வாய் மென்மையானது, இழுபடாத பிரெய்டில் கிழிந்துவிடும்.

முள் 4 முதல் 8ஆம் எண் வரை. எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை மறக்க வேண்டாம். இரைக்குப் பொருத்தமான முள்ளைத் தேர்ந்தெடுத்து, முனையை நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, மாற்றுங்கள்.

தக்கை 3 கிராம் தாங்கும் என்றால் ஈயத்தை எல்லாம் ஓரிடத்தில் வைக்காதீர்கள். 2 கிராம் ஈயத்தை முள்ளுக்கு ஒன்றரை அடி மேலே நிறுத்தி, மீதியை இரண்டு சிறு குண்டுகளாகப் பிரித்து, கடைசிக் குண்டு முள்ளுக்கு அரையடி மேலே வரும்படி வையுங்கள். மொத்தக் கனமும் முள்ளருகே இருந்தால் மீன் வாயில் எடுத்ததும் கனத்தை உணர்ந்து துப்பிவிடும். தக்கையருகே இருந்தால் வீசும்போது நரம்பு தக்கையைச் சுற்றிக்கொள்ளும். தக்கையின் வண்ண நுனி ஒரு செ.மீ. மட்டும் தெரிய வேண்டும். மூன்று விரற்கடை வெளியே நின்றால் அதை அமுக்கவே மீனுக்குப் பலம் வேண்டும், கடி தெரியாது.

ஆழம் அளப்பது பலர் தவிர்க்கும் படி. கெண்டைத் தூண்டிலில் பாதி வெற்றி இதில்தான். முள்ளில் 10 கிராம் ஈயத்தை மாட்டி, மீன் பிடிக்கப்போகும் இடத்தில் போடுங்கள். தக்கை மூழ்கிவிட்டால் ஆழம் அதிகம், தக்கையை மேலே தள்ளுங்கள். படுத்துக்கொண்டால் நரம்பு நீளம், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரியும்படி நின்றால் அதுதான் ஆழம். ராடில் அந்த அளவை வெள்ளை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். மிர்காலுக்கு இரை அடியைத் தொட்டு நாலு விரற்கடை நரம்பும் கிடக்க வேண்டும். ரோகுவுக்கு அடியிலிருந்து அரையடி, ஓரடி மேலே. கட்லாவுக்குக் கணக்கே வேறு: மேல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்றடி ஆழம் போதும், குளம் இருபதடி ஆழம் இருந்தாலும்.

தீனி

அரை நாளுக்கு: கடலைப் புண்ணாக்கு 1 கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ, ரொட்டித் தூள் அரை கிலோ. புண்ணாக்கை முதல்நாள் இரவே ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் கரையில் வைத்துத் தவிட்டையும் ரொட்டித் தூளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். வறுத்து அரைத்த வெந்தயப் பொடி ஒரு கரண்டி சேர்த்தால் ரோகுவுக்கு நல்ல வாசனை. புளித்து நுரைத்த புண்ணாக்கைக் கொட்டிவிட்டு வேறு எடுங்கள்.

பதம் பார்க்க ஓர் உருண்டையை வாளித் தண்ணீரில் போடுங்கள். ரோகு, மிர்காலுக்கு அடியில் போய் உட்கார்ந்து இரண்டு மூன்று நிமிடத்தில் உதிர வேண்டும். கல்லாகக் கிடந்தால் தவிடு சேருங்கள். கட்லா வாயால் வடிகட்டித் தின்னும் மீன்; அதற்கு உருண்டை விழும்போதே மேகம்போலக் கரைய வேண்டும். ஆரம்பத்தில் ஆரஞ்சு அளவில் ஆறேழு உருண்டைகளை ஒரே இடத்தில் போட்டு, அதன்பின் அரை மணிக்கு ஒன்று. இடம் சிதறினால் மீனும் சிதறும். மொத்தத்தையும் ஆரம்பத்திலேயே கொட்டினால் வந்த மீன் வயிறு நிறைந்து போய்விடும்.

முள்ளில் வைக்கும் மாவு: கோதுமை மாவு 200 கிராம், சலித்த புண்ணாக்குத் தூள் 50 கிராம், தண்ணீர் சுமார் 100 மில்லி. கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் ஒரு சிட்டிகை பஞ்சை நார்நாராகப் பிய்த்துச் சேர்த்து மறுபடி பிசையுங்கள். பஞ்சுதான் ஜிலேபியின் கொத்தலில் மாவு உதிராமல் பிடித்துக்கொள்கிறது. முள் முனை மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள்.

கட்லாவுக்குப் பலரும் ஸ்பிரிங் செட் போடுகிறார்கள்: சுருள்கம்பியைச் சுற்றித் தீனி உருண்டை, பக்கத்தில் குட்டை நரம்பில் நான்கு முதல் ஆறு முட்கள். மீன் உருண்டையை உறிஞ்சும்போது முள் வாய்க்குள் போகும். இரண்டு முள்ளே போதும். முள் கூடினால் பெரிய மீன் கூடுவதில்லை; வாய்க்கு வெளியே, கண்ணில், செவுளில் தைத்து மீன் சிதைவதுதான் கூடும்.

கடியும் இழுப்பும்

தக்கை படபடவென்று துடித்தால் ஜிலேபி; அதற்குச் சுண்டாதீர்கள். இரண்டு மூன்று முறை மெல்லத் தொட்டு, பிறகு சாய்வாக நகர்ந்தே உள்ளே போனால் ரோகு. தக்கை அமிழாமல் மேலெழுந்து படுத்தால், அடியில் இரையெடுத்த மீன் ஈயத்தோடு தூக்குகிறது. அது மிர்காலாக இருக்கும், உடனே சுண்டலாம். கட்லா பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே இழுப்பாக இழுக்கும்.

டிராக்கை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். நரம்பு முனையைக் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தால், நரம்பின் தாங்குதிறனில் கால்வாசியில் ரீல் விட்டுக்கொடுக்க வேண்டும். 6 கிலோ தாங்கும் நரம்புக்கு ஒன்றரைக் கிலோ. ராடைத் தாங்கியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் டிராக்கை இன்னும் தளர்த்த வேண்டும். நாலு கிலோ கட்லா ராடோடு இழுத்துக்கொண்டு போவது சாதாரணம். மீன் ஓடும்போது ரீல் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். நரம்பு முறுக்கேறுவது இதனால்தான். ஓட்டம் நின்றபின் ராடைத் தூக்கி இழுத்து, தாழ்த்தும்போது சுற்றுங்கள். கரையில் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் வலையைத் தண்ணீருக்குள் வைத்து மீனை அதற்குள் கொண்டுவாருங்கள்.

காலையில் குளம் முழுக்க மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைக்க வேண்டாம். மேகமூட்டமான இரவுக்குப் பின், பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் விடியற்காலை ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோயிருக்கும். கெண்டை எதையும் தொடாது, தீனி போட்டால் தண்ணீர் இன்னும் கெடும். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். அதுவரை விராலைத் தேடலாம். காற்றைக் குடிக்கும் மீனுக்கு இந்தக் கவலை குறைவு.

எங்கே போகலாம்

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி. தென்மேற்குப் பருவமழையை நம்பிய நீர்த்தேக்கம் என்பதால் ஏரிகளின் கணக்கு இதற்குப் பொருந்தாது. கோடையில் வற்றி, ஆகஸ்ட் வாக்கில் நிரம்பும். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். நிரம்பியிருக்கும்போது அடியில் இப்படிப்பட்ட கல் கட்டடங்கள் கிடக்கின்றன என்பதை நினைவில் வைத்து, அடித்தூண்டிலைவிடத் தக்கையே போடுங்கள். பவானிசாகரிலும் வைகை அணையிலும் ரோகுவும் கட்லாவும் உண்டு. விராலுக்கு அணையைவிடப் பாசி பிடித்த கிராமத்துக் கண்மாயும் ஏரியும்தான் நல்லது. நீலகிரியில் டிரவுட் மீனுக்கு அவலாஞ்சியில் 1907இல் குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கப்பட்டது. அது வேறு உலகம், வேறு செட்.

அமராவதி அணையில் சதுப்புநில முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. ஒகேனக்கல், மேட்டூர் காவிரியிலும் முதலை உண்டு. முழங்கால் தண்ணீரில்கூட இறங்கி வீச வேண்டாம்; மீனைக் கழுவ கரையோரம் குனிந்து உட்கார வேண்டாம்.

மோயாறு, பவானி, காவிரிப் பகுதியில் முதுகில் திமில் எழும்பிய ஆரஞ்சு வால் பெருமீன் தூண்டிலில் மாட்டினால் அது காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் மகசீர். 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. தண்ணீரை விட்டுத் தூக்காமல், நனைந்த கையால் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள். ஆழமாகத் தைத்திருந்தால் நரம்பை முள்ளருகே வெட்டி விட்டுவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் எங்கும் வீசக் கூடாது. கிராமத்து ஏரி, கண்மாய்களின் மீன்பாசி உரிமை பெரும்பாலும் ஏலம் போயிருக்கும். பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) ஜூலை 1இல் தொடங்குவதால் குத்தகைதாரர் ஜூலையில் மாறியிருக்கக் கூடும். போன வருடம் பேசியவரிடமே இந்த வருடமும் பேசிவிட்டு உட்கார்ந்தால் தகராறுதான். அணைகளில் மீன்வளத் துறை, மீன் வளர்ச்சிக் கழகம், மீனவர் கூட்டுறவுச் சங்கம் என்று உரிமை இடத்துக்கு இடம் மாறும். அணை அருகிலுள்ள அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களில் தூண்டிலை எடுக்கவே கூடாது. எங்கே போட்டாலும் அறுந்த நரம்பைச் சுருட்டிக் கொண்டுவந்துவிடுங்கள். கொக்கின் காலில் சுற்றினால் அது பறக்க முடியாமலேயே சாகும்.

கரையில் இரண்டு ஆபத்துகள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். பத்தடி ராடை நிமிர்த்திப் பிடித்து ஏரிக்கரையில் நடக்கும்போது மின்கம்பி தாழ்வாகப் போனால் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே உயிர் போகலாம். ராடைப் பிரித்து, தரைக்குச் சமமாகப் பிடித்து நடங்கள். இடி முழக்கம் கேட்டதும் மூட்டை கட்டிவிடுங்கள். அடுத்தது தேளி. இரவு மண்புழுத் தூண்டிலில் மாட்டும் இந்த மீனின் பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. கையால் பிடிக்காமல் துணி சுற்றிக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், குத்தாத கையால் சூடு பார்த்துக்கொண்டு, தோல் வெந்துபோகாமல் தாங்கக்கூடிய வெந்நீரில் அரை மணி நேரமாவது காயத்தை முக்கி வையுங்கள். வலி நன்றாகக் குறையும். பிறகு மருத்துவமனைக்குப் போய் உடைந்த முள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.